பயிற்சிக்குப் பின் யார் துணை?

பயிற்சி அளிக்கும் ஸ்தாபனங்களுக்கு இன்று நம் நாட்டில் பஞ்சமில்லை. பயிற்சி பெற்றவர் பிறகு என்ன ஆனார் என்று விசாரிக்கும் ஸ்தாபனங்களுக்குத்தான் பஞ்சம். இந்த ஒரு குறையைப் பற்றியே இம்மாதம் அங்கத்தினர்களின் கவனத்திற்குச் சில விஷயங்களைக் கொண்டுவர விரும்புகிறோம். நெசவாளர் குடும்பமாயினும் சரி, பயிர்த்தொழில் செய்யும் குடும்பமாயினும் சரி, பிள்ளைகளின் வருங்காலம் எதனை ஆதாரமாகக் கொண்டு நிற்கும் என்ற கேள்வி இன்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் எழுந்திருக்கிறது. அதற்கு விடை தேடும்போது, "எங்கே பயிற்சி கிடைக்கும்?" என்று மட்டும் கேட்பது போதாது, "பயிற்சி முடிந்த மறுநாள் முதல் யார் துணை நிற்பார்?" என்றும் கேட்டாக வேண்டும்.

தண்டலத்தின் இரு முகங்கள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் வருவது தண்டலம். சாலையில் செல்பவர் கண்ணில் முதலில் படுபவை பெரிய கல்விச்சாலைகள். ராஜலட்சுமி பொறியியற் கல்லூரி 1997-லும், சவீதா பொறியியற் கல்லூரி 2001-லும் தோன்றியவை. மருத்துவக் கல்லூரியும் அதைச் சார்ந்த மருத்துவமனையும் அங்கேயே உள்ளன. அடுத்தாற்போல் இருங்காட்டுக்கோட்டை, அங்கே 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் கம்பெனியார் மோட்டார் கார் உற்பத்தியைத் தொடங்கினார்கள். அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாகப் பரந்து கிடக்கின்றன. வாலிபர்களின் முன்னேற்றத்திற்கென்றே 1993-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிலையமும் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. கல்வியும் தொழிலும் இவ்வளவு நெருங்கி அமைந்த இடங்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே.

இது சாலையிலிருந்து காணும் முகம். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வேறொரு முகம் தெரியும். ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் வயல்கள், கறவை மாடுகள், ஒன்றிரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் குடும்பங்கள், தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கைக்கு வந்த தொகையையும் செலவழித்துவிட்ட குடும்பங்கள் ஆகியவற்றையும் இப்பகுதியில் காணலாம். மேற்கே காஞ்சிபுரத்தை நோக்கிச் சென்றால் தறியோசை கேட்கும். இவ்விரு முகங்களுக்கும் நடுவே தினந்தோறும் கம்பெனிப் பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஏறிச் செல்பவர்களில் விவசாயிகளின் பிள்ளைகளும் நெசவாளர்களின் பிள்ளைகளும் பலர். அவர்கள் போவதைத் தவறென்று நாம் கூறவில்லை. மாதம் பிறந்தால் தவறாமல் கைக்கு வரும் சம்பளத்தின் அருமை, மழையையும் ஜரிகை விலையையும் நம்பி வாழும் நமக்குத் தெரியாததன்று.

ஆயினும், அந்தப் பஸ்ஸில் ஏற முடியாதவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஒப்பந்தக் காலம் தீர்ந்து வீடு திரும்பியவர் ஆகிய இவர்களுக்கு வழிகாட்ட வேண்டியவர் யார்? ஏறிச் சென்றவர்களுக்கும் நாளைக்கு அந்தப் பஸ் நின்றுவிட்டால் வேறு வழி உண்டா? இவ்விரண்டு கேள்விகளும் தனித்தனியானவையாகத் தோன்றினும், இரண்டுக்கும் விடை ஒன்றேயாம்.

2014-ஆம் ஆண்டு கற்பித்தது

2006-ஆம் ஆண்டில் நோக்கியா கம்பெனியார் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையைத் தொடங்கியபோது அது இப்பகுதிக்கே பெருமையாகப் பேசப்பட்டது. நல்ல நாட்களில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பிறகு வரி பற்றிய வழக்கு எழுந்தது. கம்பெனியின் கைப்பேசித் தொழில் வேறொரு கம்பெனிக்குக் கைமாறியபோது, வழக்கில் சிக்கிய இத்தொழிற்சாலை மட்டும் வெளியே விடப்பட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியன்று உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகளில் ஒரு பெரிய தொழில் தோன்றி, ஓங்கி, ஓய்ந்துவிட்டது. அந்தக் கட்டடங்களில் வேறொரு கம்பெனி தொழில் நடத்தத் தொடங்கியதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. தொழிற்சாலைக் கட்டடம் காத்திருக்கும். குடும்பத்தின் அடுப்பு காத்திராது.

வேலை இழந்த அந்தப் பெண்கள் பயிற்சி பெறாதவர்களல்லர். நல்ல பயிற்சி பெற்றவர்களே. ஆனால் அப்பயிற்சி அந்த இயந்திர வரிசைக்கு மட்டும் உரியது. வரிசை நின்றவுடன் கையில் இருந்த திறமைக்கு வெளியே விலையில்லாமற் போயிற்று. இதற்காகத் தொழிற்சாலையைக் குறைகூறுவதில் பயனில்லை. தொழிற்சாலை தன் தேவைக்கேற்ற பயிற்சியைத்தான் கொடுக்கும். அதுவே அதன் இயல்பு. குடும்பத்தின் தேவைக்கேற்ற பயிற்சியைக் கொடுப்பது வேறொருவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பு ஊரில் வேர்விட்ட ஸ்தாபனங்களுடையது. மாதர் சங்கம், சுய உதவிக் குழு, வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவை தொழிற்சாலை வந்தாலும் போனாலும் ஊரிலேயே இருப்பவை.

எதை எண்ணுவது?

இன்று பயிற்சி முகாம்கள் நடைபெறும் விதத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. கடைசி நாள் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நடுவே கற்றது எவ்வளவு என்பதைப் பற்றிக் கவலையில்லாமல் புகைப்படம் எடுக்கப்படுகிறது. ஆண்டறிக்கையில் "இத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேருகிறது. அந்த வரி பொய்யன்று. ஆனால் விதைத்த ஏக்கரை மட்டும் எழுதி, அறுத்த மூட்டையை எழுதாத கணக்கை எந்த விவசாயி ஒப்புக்கொள்வான்? பாவு ஓட்டியதை மட்டும் எழுதி, தறியிலிருந்து இறங்கிய சேலையை எழுதாத கணக்கை எந்தச் சங்கம் ஏற்கும்?

அறுவடையையும் சேர்த்து எண்ணும் வழக்கம் நம் நாட்டிலேயே உண்டு. கர்நாடக ராஜ்யத்தில் தர்மஸ்தலத்திற்கு அருகிலுள்ள உஜிரே என்ற ஊரில், 1982-ஆம் ஆண்டில், தர்மஸ்தலத்து அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் கூடிக் கிராம வாலிபர்களுக்கான சுயதொழிற் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. இதற்கு முன்னின்றவர் வீரேந்திர ஹெக்டே அவர்கள். இந்நிலையத்தில் பயிற்சி குறுகிய காலமே. தங்கும் இடமும் உணவும் இலவசம். ஆனால் அதன் சிறப்பு அதில் இல்லை. பயிற்சி முடிந்து வீடு திரும்பியவரை அத்துடன் விட்டுவிடாமல், கடன் பெறவும் தொழில் தொடங்கவும், இடையில் ஏற்படும் இடையூறுகளைத் தாண்டவும் தொடர்ந்து துணை நிற்பதே அதன் சிறப்பு. இம்முறையின் வெற்றியைக் கண்டு, 2009-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் ஊரக வளர்ச்சி அமைச்சகம், மாவட்டத்திற்கு ஒன்றாக இத்தகைய நிலையங்களை வங்கிகளின் பொறுப்பில் ஏற்படுத்தும் திட்டத்தை மேற்கொண்டது. இந்நிலையங்களில் பயிற்சிக்குப் பின் இரண்டாண்டு காலம் தொடர்ந்து கவனிப்பது விதி. பயின்றவர் எத்தனை பேர் என்ற கணக்கோடு, தொழிலில் நிலைத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கும் தனியே எழுதப்படுகிறது. நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே.

விவசாயிகளுக்கும் இதைப் போன்ற ஒரு வழி திறந்திருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டில் நம் பக்கத்திலுள்ள புதுச்சேரியில்தான் தோன்றியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. பலகையில் எழுதிக் காட்டாமல், வயலிலும் கொட்டகையிலும் கையால் செய்தே கற்க வேண்டும் என்பது இவற்றின் கொள்கை. நம் பகுதியினருக்கு எட்டும் தூரத்தில், காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையம் ஒன்று இருக்கிறது. ஆடு, கோழி, கறவை மாடு வளர்க்கும் சிறு குடியானவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அங்கே சென்று கற்றவர் ஊர் திரும்பிய பின், முதற் கன்று நோயுற்றபோது யாரிடம் ஓடுவது என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடை ஊரிலேயே இருக்க வேண்டும்.

துணை என்பது யாது?

பயிற்சிக்குத் துணை என்று நாம் கூறுவது பெரிய தத்துவம் எதையுமன்று. நேரம், கருவி, வேலை ஆகிய மூன்றையுமே குறிப்பிடுகிறோம்.

முதலாவது நேரம். இரண்டு குழந்தைகளை வைத்திருக்கும் பெண்மணிக்குப் பயிற்சி இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதுமா? காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை குழந்தையை யார் பார்ப்பார்? பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்? குஜராத்தில் இளா பட் அம்மையார் 1972-இல் நிறுவிய சேவா சங்கம், உழைக்கும் பெண்களுக்கு முதலில் தேவைப்படுவது குழந்தைக் காப்பகம் என்று கண்டு, அதையும் கூட்டுறவு முறையிலேயே நடத்திக் காட்டியது. நம் மாகாணத்தில் 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அது வெறும் சலுகையாகச் சிலருக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து பயிற்சிச்சாலைக்கும் சந்தைக்கும் போய்வர வழியில்லாதிருந்தவருக்கோ அது கதவைத் திறந்துவிட்டதாகும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட தங்குமிடம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும் இவ்வகைத் துணையே. வேலையை மட்டும் கொடுத்தால் போதாது, வேலை செய்வதற்கான சௌகரியத்தையும் கொடுக்க வேண்டும் என்று தொழிற்சாலை உலகமே உணர்ந்திருக்கும்போது, ஊர்ச் சங்கங்கள் உணராமல் இருக்கலாமா?

இரண்டாவது கருவி. மூன்று மாதம் தையல் கற்றுக்கொண்ட பெண் வீட்டுக்குத் திரும்பினால் அங்கே இயந்திரம் இல்லை. நான்காவது மாதத்தில் கை மறக்கத் தொடங்குகிறது. மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கற்றவனிடம் அதற்குரிய கருவிகள் இல்லை. கடன் தரும் திட்டங்கள் இல்லாமலில்லை. 2025 ஏப்ரலில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரிலேயே கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 25 வகைக் கைத்தொழில்களுக்குப் பயிற்சியும் மானியத்தோடு கூடிய கடனும் அளிக்க வகுக்கப்பட்டது அது. ஆனால் திட்டம் ஒரு கரையிலும், மனு எழுதத் தெரியாத தொழிலாளி மறு கரையிலும் நின்றால் இடையில் பாலம் வேண்டாமா? சென்னையில் 1978-ஆம் ஆண்டு ஜெயா அருணாசலம் அம்மையார் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, முதலில் தெரு வியாபாரம் செய்யும் பெண்களை வங்கிகளிடம் அழைத்துச் சென்றது. வங்கியின் நேரமும் நடைமுறையும் அப்பெண்களின் நாளுக்குப் பொருந்தவில்லை. ஆகவே 1981-இல் அவர்கள் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். பாலம் வெளியிலிருந்து வருமென்று காத்திராமல் தாமே கட்டிக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

மூன்றாவதும் முக்கியமானதும் வேலை. தையல் தெரிந்து, இயந்திரமும் இருந்து, தைக்கத் துணி வரவில்லையென்றால் என்ன பயன்? ஆயத்த ஆடைகள் குறைந்த விலையில் கடைதோறும் தொங்கும் காலம் இது. இதற்கும் ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் இலவசச் சீருடை வழங்கும் திட்டத்தில், துணியை நெய்வன நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள். அதைத் தைப்பவர்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள். தறியிலிருந்து புறப்பட்ட துணி, மற்றொரு சங்கத்துப் பெண்ணின் கை வழியாக, அவர்கள் வீட்டுக் குழந்தையின் தோளையே சென்றடைகிறது. கூலி பற்றியும் கால தாமதம் பற்றியும் குறைகள் எழாமலில்லை. அவை தீர்க்கப்பட வேண்டியவையே. எனினும் பயிற்சி, கருவி, வேலை ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக இணைந்தால் கற்ற தொழில் சோறு போடும் என்பதை இத்திட்டம் காட்டுகிறது.

தறியின் நிலை

நெசவாளர் சகோதரர்கள் மற்றொரு கேள்வி கேட்கக்கூடும். "எங்கள் பிள்ளைகள் தறியை விட்டுப் போகிறார்கள். அவர்களுக்குத் தறியிலேயே பயிற்சி கொடுத்தால் என்ன?" இதற்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும். அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 1995-96-இல் சுமார் 65.5 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2009-10-இல் 43.3 லட்சமாகவும், 2019-20-இல் 35.2 லட்சமாகவும் குறைந்துவிட்டது. கடைசிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் வாழ்வது தெரியவந்தது. இந்த நிலையில், "பரம்பரைத் தொழிலை விடாதே" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது நியாயமன்று.

ஆனால் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, மூன்று நாடா கொண்டு நெய்யப்படும் அதற்கு, நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் துணையாக உட்கார வேண்டும். முன்னாளில் வீட்டுப் பிள்ளையே அவ்விடத்தில் உட்கார்ந்தான். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான், போகத்தான் வேண்டும். அந்த இடத்திற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கக் கட்டுபடியாகாமல், கோர்வை தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. ஆகவே தறியில் அளிக்கும் பயிற்சி, பழைய வேலையைப் பழைய கூலிக்கே செய்யும் ஆளை உண்டாக்குவதாக இருக்கக்கூடாது. நிறச் சேர்க்கை, புதிய வடிவமைப்பு, விலை நிர்ணயம், கணக்கு, வாங்குவோருடன் நேரில் பேசி விற்கும் திறமை ஆகியவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து, கூலியை உயர்த்தும் பயிற்சியாக இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. அதன் உதவியைச் சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும். கூலியை உயர்த்த முடியாத பயிற்சியாயின், பிள்ளை வேறு தொழில் கற்கச் செல்வதைத் தடுக்காமல், அத்தொழிலையாவது அரைகுறையாக இன்றி முழுமையாகக் கற்கச் செய்வதே பெற்றோர் கடமை.

இது சங்கத்தின் வேலையா?

"கடன் கொடுப்பதும், உரம் விற்பதும், சரக்கை வாங்கி விற்பதுந்தானே சங்கத்தின் வேலை? பள்ளிக்கூடம் நடத்துவதும் பிள்ளை பார்ப்பதும் நமக்கு எதற்கு?" என்று சில அங்கத்தினர்கள் கேட்பது இயல்பே. இவர்களுக்கு நம் பகுதியின் சரித்திரத்தையே பதிலாகக் கூறலாம்.

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தவுடன், அவ்வாண்டிலேயே அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டு சங்கங்கள் முன்னணியில் தோன்றின. ஒன்று, திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகள் அமைத்த கடன் சங்கம். மற்றொன்று, காஞ்சிபுரத்து நகரக் கூட்டுறவுச் சங்கம். கிராமத்திற்கும் நகரத்திற்கும் இந்தியா முழுமைக்கும் வழிகாட்டியவை என்று இவ்விரண்டும் போற்றப்படுகின்றன. தண்டலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பூமி. வட்டிக்காரன் பிடியிலிருந்து மீள்வது அன்றைய தேவை. ஆகவே அன்று சங்கம் கடன் சங்கமாகப் பிறந்தது. நிலையான திறமையும் அதற்குத் துணையும் இன்றைய தேவை. தேவை மாறும்போது சங்கத்தின் பணியும் விரிவடைய வேண்டாமா?

கூட்டுறவின் தாய்வீடாகிய இங்கிலாந்தையும் நினைவுகூரலாம். 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடி மாவும் வெண்ணெயும் விற்கும் சிறு கடையைத் திறந்தார்கள். நெசவாளர்களும் அவர்களுள் இருந்தனர். கடை சிறிது வளர்ந்ததும் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர்களின் கல்விக்கென்று அவர்கள் ஒதுக்கினார்கள், வாசகசாலையும் அமைத்தார்கள். அதே 1844-இல், டென்மார்க் தேசத்துச் சார்பில் ரோடிங் என்ற ஊரில் குடியானவர் பிள்ளைகளுக்கான முதல் மக்கள் கல்விச்சாலை தோன்றியது. அதைப் பின்பற்றி எழுந்த சாலைகளில் பயின்று வளர்ந்த தலைமுறையே, 1882-இல் தொடங்கிப் பால் கூட்டுறவுச் சங்கங்களை அந்நாட்டில் ஊர்தோறும் பரப்பியது. முதலில் கல்வி, பின்பு சங்கம் என்றோ, முதலில் சங்கம், பின்பு கல்வி என்றோ வரிசை பிரிக்க முடியாதபடி இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழில் ஒன்று கல்வியும் பயிற்சியும். மற்றொன்று சமுதாயத்தின்மீது அக்கறை. நம் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டத்திலும் கல்வி நிதி என்று ஒன்று இருக்கிறது. அது இருப்பது ஏட்டில் எழுதிவைப்பதற்காக அன்று.

செய்யத் தக்கவை

பெரிய கட்டடமோ பெரிய தொகையோ இல்லாமலே ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, ஊரில் பயிற்சி பெற்ற ஒவ்வொருவர் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். யார் நடத்திய பயிற்சியாயினும் சரி, ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று மூன்று முறை அவரைச் சந்தித்து, அத்தொழிலில் இருக்கிறாரா, என்ன சம்பாதிக்கிறார், எங்கே தடைப்பட்டது என்று குறிக்க வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், நடக்கச் சளைக்காத ஓர் ஊழியருமே தேவை.

இரண்டாவதாக, கற்றுக்கொடுப்பவரை ஊரிலேயே தேட வேண்டும். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின்கீழ் ஏற்படுத்தப்பட்ட சமுதாயத் திறன் பள்ளிகளில், கொத்து வேலையிலும் மின்சார வேலையிலும் தையலிலும் கைதேர்ந்த உள்ளூர்த் தொழிலாளியே ஆசிரியராக இருந்து, வேலை நடக்கும் இடத்திலேயே அக்கம்பக்கத்து வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இத்தகைய ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் ரயிலேறிப் போய்விடமாட்டார். சந்தேகம் வந்தால் அடுத்த தெருவில் இருப்பார். அனுபவம் மிக்க முதிய நெசவாளர்களையும் விவசாயிகளையும் இவ்வாறு ஆசிரியர்களாக்கி, அவர்கள் நேரத்திற்குத் தக்க ஊதியம் கொடுப்பது சங்கத்திற்கும் கௌரவமாகும்.

மூன்றாவதாக, சங்கத்தில் சிறு கருவிச்சாலை ஒன்று அமைக்கலாம். இரண்டு தையல் இயந்திரம், மோட்டார் பழுது பார்க்கும் கருவிகள், மருந்து தெளிப்பான் போன்றவற்றைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், சொந்தமாக வாங்கும் நாள் வரும்வரை கற்ற கை மறக்காது. சம்பாதிக்கத் தொடங்கியவர் தவணையில் வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம்.

நான்காவதாக, சங்கமும் அங்கத்தினர்களும் தரும் வேலை முதலில் தம்மூரில் பயின்றவருக்கே செல்ல வேண்டும். பம்பு செட்டு பழுது, தறிக்கு விழுது கட்டுதல், சங்கக் கட்டடத்தின் மின்சார வேலை, பைகள் தைத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெளியாளைத் தேடிக்கொண்டு, உள்ளூர் வாலிபருக்கு வேலையில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. வேலை சுத்தமாக இல்லாவிட்டால் எடுத்துச் சொல்லித் திருத்த வேண்டும். முதல் வேலையில் நேரும் பிழையைப் பொறுத்துக்கொள்ள ஊராரைவிட உரியவர் வேறு யார்?

ஐந்தாவதாக, பயிற்சி நேரத்தை வகுப்பவர்கள் பெண்களைக் கேட்டு வகுக்க வேண்டும். அங்கன்வாடி திறந்திருக்கும் நேரத்திற்கும் பஸ் வரும் நேரத்திற்கும் பொருந்தினால்தான் அவர்கள் வருவார்கள். நிர்வாகக் குழுவிலுள்ள ஆடவர்கள் தாங்களே தீர்மானித்து அறிவித்துவிட்டு, "அழைத்தோம், வரவில்லை" என்று எழுதிவைப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றிலெல்லாம் ஓர் அபாயமும் உண்டு. சங்க நிர்வாகத்தில் சொந்தபந்தமும் கட்சியும் புகுந்துவிட்டால், பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதும் கருவி கொடுப்பதும் வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்றாகிவிடும். இதற்குப் பரிகாரம், மேற்சொன்ன பதிவேட்டை எவரும் பார்க்கும்படி சங்கத்து மேசைமேல் திறந்து வைப்பதும், மகாசபையில் உரக்கப் படிப்பதுமே. கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் பட்சபாதத்திற்கு இடம் குறையும்.

ஆகவே அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது, கல்வி நிதி எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்று ஒருவர் எழுந்து கேளுங்கள். இரண்டாண்டுகளுக்கு முன் நம் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் யார் யார், அவர்களில் இன்று அத்தொழிலால் பிழைப்பவர் எத்தனை பேர் என்று மற்றொருவர் கேளுங்கள். முதல் ஆண்டில் நிர்வாகிகளால் விடை கூற முடியாமற் போகலாம். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அன்றே பதிவேட்டைத் தொடங்கத் தீர்மானம் செய்து, மறு ஆண்டும் அதே கேள்வியை மறவாமல் கேளுங்கள்.